மாற்றுத்திறனாளிகளும் எங்கட கோயில்களும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கம் வீடுகளுக்குப் போய்ச் செபிக்கும் குழு ஒன்றில் நானும் ஒருவன். குழுவில் கத்தோலிக்கர், மெதடிஸ்தர், தென்னிந்திய திருச்சபையார், சுயாதீன சபையார் எல்லாரும் இருக்கிறோம். எந்தச் சபை வீட்டுத் திண்ணையில் இருந்தாலும் காதில் விழும் சந்தேகங்கள் ஒன்றுதான். கேட்டவர்களின் வாயில் வந்தபடியே அவற்றை எழுதியிருக்கிறேன். வேதப் புத்தகங்களின் பெயர்கள் பழைய மொழிபெயர்ப்பின்படி இருக்கின்றன. கத்தோலிக்கர் தங்கள் விவிலியத்தில் அதே அதிகாரங்களைப் பார்க்கலாம். நான் குருவும் இல்லை, போதகரும் இல்லை. திருச்சட்டம் பற்றிய முடிவுகளை உங்கள் பாதரிடமோ பாஸ்டரிடமோ கேளுங்கள்.

1. "அவருக்குக் கால் போனது அவர் செய்த பாவத்தாலயா, தாய் தேப்பன்ர பாவத்தாலயா?"

சீடர்களும் இதையேதான் கேட்டார்கள். யோவான் 9இல் பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டதும், இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்பதுதான் அவர்களுக்கு வந்த முதல் சந்தேகம். இரண்டும் இல்லை என்றார் இயேசு. லூக்கா 13இல் இன்னொரு சம்பவம் வருகிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார்.

2009இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் ஷெல் பாவக்கணக்குப் பார்த்து விழவில்லை. பங்கருக்குள் கிடந்த கைக்குழந்தைகளுக்கும் விழுந்தது. அதைக் கண்ணால் கண்ட சனமே இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். குற்றம் அவரில் என்றால் எங்களுக்கு அது வராது என்று ஒரு தைரியம். யோபுவின் துன்பத்துக்கு அவர் பாவம்தான் காரணம் என்ற அவருடைய சிநேகிதர்களும் அந்தத் தைரியத்தைத்தான் தேடினார்கள். கடைசியில் கடவுளின் கோபம் அவர்கள் மேல்தான் வந்தது (யோபு 42:7).

2. "அப்ப யோவான் 5இல சுகமாக்கின ஆளுக்கு 'இனிப் பாவம் செய்யாதை' எண்டு ஏன் சொன்னவர்?"

38 வருடம் நோயாளியாக இருந்து குளக்கரையில் கிடந்தவருக்குச் சொன்ன சொல் அது. அந்த மனிதரின் சீவியம் இயேசுவுக்குத் தெரிந்திருந்தது, சொன்னார். எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரரின் சீவியம் அப்படித் தெரியாது. ஒருவருக்குச் சொன்னதை எல்லாருக்கும் சட்டமாக்க முடியாது என்பதற்கு, அதே யோவான் நாலு அதிகாரம் தள்ளி எழுதியதே (கேள்வி 1இல் சொன்ன பிறவிக் குருடனின் கதை) போதும்.

குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓடி முள்ளந்தண்டு உடைத்தவர்களும் இருக்கிறார்கள், உண்மை. அவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். கட்டிலடியில் நின்று அதை ஞாபகப்படுத்தும் வேலையை யாரும் எங்களிடம் தரவில்லை.

3. "லேவியராகமத்தில குருடரும் சப்பாணியும் பலிபீடத்துக்குக் கிட்ட வரக்கூடாதெண்டு எழுதியிருக்கே?"

எழுதியிருக்கிறது: லேவியராகமம் 21:17 முதல். அது ஆரோன் குடும்பத்தில் பிறந்த ஆசாரியர்கள் பலி செலுத்துவது பற்றிய சட்டம். கோயிலுக்கு வரும் சனத்தைப் பற்றியது அல்ல. அந்த ஆசாரியனும் தள்ளப்பட்டவன் இல்லை. பரிசுத்தமான அப்பத்தை அவன் சாப்பிடலாம் என்று 22ஆம் வசனம் சொல்கிறது. பலர் 21ஆம் வசனத்தோடு புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

வேதம் அந்த இடத்தில் நிற்கவும் இல்லை. அண்ணகர் (ஆண்மை நீக்கப்பட்டவர்கள்) சபைக்கு உட்படக்கூடாது என்றது உபாகமம் 23. ஏசாயா 56 அதே அண்ணகருக்கு ஆலயத்துக்குள் பெயரும் இடமும் வாக்களித்தது. அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய அண்ணகர் ஒருவர் வழியில் தண்ணீரைக் கண்டு, ஞானஸ்நானம் பெற என்ன தடை என்று கேட்கிறார். பிலிப்பு ஒரு தடையும் சொல்லவில்லை. தேவாலயத்துக்குள்ளேயே குருடரும் சப்பாணிகளும் இயேசுவிடம் வந்தார்கள் என்பது மத்தேயு 21:14.

கத்தோலிக்கச் சபையின் 1917ஆம் ஆண்டுத் திருச்சட்டத்தில் உடற்குறை குருத்துவத்துக்குத் தடையாக இருந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. அதற்கு முன்னரே 1970இல், பிறவியிலே காது கேளாத தென்னாபிரிக்கரான சிறில் அக்செல்றொட் குருவானார். பிறகு அவருக்குக் கண்பார்வையும் போனது. அதற்குப் பிறகும் காது கேளாதோர், பார்வையற்றோர் நடுவில் பல நாடுகளில் பணி செய்தவர் அவர்.

4. "விசுவாசம் காணாது, அதாலதான் சுகம் வரேல்லையெண்டு பாஸ்டர் சொல்லுறார். உண்மையோ?"

பவுலுக்கு விசுவாசம் காணாமல் இருந்ததா? தன் உடம்பில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்றுதரம் கேட்டார். எடுக்கப்படவில்லை (2 கொரிந்தியர் 12). தீமோத்தேயுவின் வயிற்று வருத்தத்துக்குப் பவுல் கைவைத்துச் செபித்ததாக இல்லை, கொஞ்சம் திராட்சரசம் குடி என்று எழுதினார். துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவிட்டுப் போனார் (2 தீமோத்தேயு 4:20). மறுபக்கம், கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனின் கதையில் (மாற்கு 2) இயேசு கண்டது தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தை. விசுவாசத்தை அளக்கத்தான் வேண்டும் என்றால் தூக்கவேண்டியவர்களிடம் இருந்து தொடங்கலாம்.

இதில் உயிர்ப் பிரச்சினை ஒன்றும் உண்டு. சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்து வலிப்புக் குளிசையையும் மனநோய்க் குளிசையையும் நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். வலிப்புக் குளிசையைச் சடுதியாக நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிரே போகலாம். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் கிளினிக் டொக்டர் சொல்லவேண்டியது. வேறு யார் நிறுத்தச் சொன்னாலும், எந்தப் பெயரில் சொன்னாலும், நிறுத்தாதீர்கள்.

5. "அப்ப சுகத்துக்காகச் செபிக்கவே கூடாதோ?"

செபிக்கலாம். முதலில் அவரிடம் கேளுங்கள். பர்திமேயு குருடன் என்பது ஊருக்கே தெரியும். அப்படியிருந்தும் இயேசு, உனக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார் (மாற்கு 10:51). நாங்கள் கேட்பதில்லை. சக்கர நாற்காலியைக் கண்டதும் காலில் கை வைத்துச் செபிக்கத் தொடங்கிவிடுவோம். அவருக்கு மகளின் ஓ.எல். சோதனை யோசனையாக இருக்கலாம். கடன் யோசனையாக இருக்கலாம். சுகம் கேட்டு மடு மாதாவிடம் போக அவர் ஆசைப்பட்டால் கூட்டிக்கொண்டு போங்கள். ஓகஸ்ட் 15 நெரிசலில் இல்லாமல் சாதாரண கிழமை நாளொன்றில் போனால் நாற்காலி உருள இடம் கிடைக்கும்.

6. "எங்கட கோயிலுக்கு அப்பிடியான ஆக்கள் ஒருத்தரும் வாறேல்ல. பிறகு சரிவுப்பாதை கட்டி யாருக்கு?"

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில், இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதமானோர் ஏதோ ஒரு செயற்பாட்டில் சிரமம் உள்ளவர்கள். நூறு பேருக்கு எட்டு, ஒன்பது பேர். முழு நாட்டுக்குமே அந்தக் கணக்கு என்றால், யுத்தம் கடைசியாக நின்ற மண்ணில் உள்ள உங்கள் பங்கில் ஒருவரும் இல்லை என்பது நடக்காத காரியம். வீட்டுக்குள் இருக்கிறார்கள். படி இருப்பதால் வருவதில்லை. வராததால் படி அப்படியே இருக்கிறது.

சவுல் அரசனின் பேரன் மேவிபோசேத்தின் கதையை முழுதாக வாசியுங்கள். ஐந்து வயதில், யுத்தச் செய்தி வந்து தாதி தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்து முடமானவன் (2 சாமுவேல் 4:4). இடம்பெயர்ந்து ஓடிய எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாவீது அவனைத் தன் பந்தியில் இருத்தியதோடு பிரசங்கங்கள் நின்றுவிடும். பிறகு 19ஆம் அதிகாரத்தில், தாவீது ஊரைவிட்டு ஓடியபோது நீ ஏன் என்னோடு வரவில்லை என்று அவனிடம் கேட்கிறான். கழுதைக்குச் சேணம் கட்டச் சொன்னேன், வேலைக்காரன் ஏமாற்றிவிட்டான், நான் முடவன் என்கிறான் அவன். வாகனம் கிடைக்காதவனுக்குத் துரோகிப் பட்டமே கிடைத்திருந்தது. "அவர் கோயிலுக்கு வாறேல்ல, பக்தி குறைஞ்சு போச்சு" என்று சொல்வதற்கு முன் ஒட்டுசுட்டானில் இருந்தோ துணுக்காயில் இருந்தோ வந்துபோக ஓட்டோவுக்கு எவ்வளவு முடிகிறது என்று விசாரியுங்கள்.

7. "எங்களிட்டக் காசில்லை. குறைஞ்ச செலவில என்ன செய்யலாம்?"

சரிவுப்பாதைக்குக் கணக்கு 1க்கு 12. படியின் உயரம் ஆறு அங்குலம் என்றால் பாதை ஆறு அடி நீளம், மூன்று படி என்றால் பதினெட்டு அடி. சீமெந்து மிச்சம் பிடிக்க நீளத்தைக் குறைத்துக் கட்டுகிறார்கள். அந்தச் சரிவில் ஏறவும் முடியாது, இறங்கினால் முகம்குப்புற விழவேண்டியதுதான். கதவு மூன்று அடி அகலம் இருந்தால் நல்லது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகும் வசதி ஒழுங்குவிதிகள் இந்த நாட்டில் 2006இலேயே வந்துவிட்டன. புதுக் கோயில் கட்டுகிறீர்கள் என்றால் வரைபடத்திலேயே சேர்த்துவிடுங்கள், பிறகு இடித்துக் கட்டும் செலவு மிச்சம்.

எங்கள் கோயில் வளவுகள் முக்கால்வாசி மணல். சரிவுப்பாதை வாசலில் இருக்கும், நாற்காலி கேற்றடியில் புதைந்து நிற்கும். கேற்றில் இருந்து வாசல்வரை மூன்றடி அகலத்தில் கொங்கிறீற் கல் பதியுங்கள். உள்ளே வாங்கு வரிசையின் நடுவில் ஒரு வாங்கைக் குறுக்கி நாற்காலிக்கு இடம் விடுங்கள். எல்லாருக்கும் முன்னால் தனியாக இருத்தாதீர்கள், காட்சிப்பொருள் மாதிரி இருக்கும்.

என்னைக் கேட்டால் சரிவுப்பாதைக்கும் முதல் செய்யவேண்டியது மலசலகூடம். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் சலப்பையோடு (குழாய் வழியாகச் சிறுநீர் சேரும் பை) வருவார்கள். போய்க் கழுவ இடமில்லை என்று தெரிந்தால் முதல்நாளே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். அது சிறுநீர்த்தொற்றில் கொண்டுபோய் விடும். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவருக்கு ஒரே இருப்பில் இருந்தால் படுக்கைப்புண் வரும். கால் மணி, அரை மணிக்கு ஒருதரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பாரம் மாற்றவேண்டும். பிரசங்கம் நடக்கும்போது அவர் அப்படிச் செய்தால் திரும்பிப் பார்க்காதீர்கள். பிரசங்கத்தைக் குறைத்தாலும் நல்லதுதான், அது எல்லாருக்கும் நல்லது.

8. "பொய்க்கால். செருப்புக் கழட்டேலாது, முழந்தாளில நிக்கேலாது. பாவமோ?"

பாவம் இல்லை. ஜெய்ப்பூர் கால் வெறுங்காலோடும் நடக்கச் செய்யப்பட்டது. வேறு வகைக் கால்கள் சில, போடும் செருப்பின் குதி உயரத்துக்கு அளந்து பொருத்தப்பட்டவை. கழற்றினால் உடம்பு பின்னுக்குச் சாயும். எந்த வகை என்று அவருக்குத் தெரியும், வாசலில் நிற்பவர் தீர்மானிக்கத் தேவையில்லை. முழந்தாளிடுவதற்கு உடல்நலக் காரணத்தால் விலக்கு உண்டு என்று கத்தோலிக்கத் திருப்பலி ஒழுங்கே சொல்கிறது.

9. "விசுவாசம் கேள்வியினால வருமெண்டு ரோமரில இருக்கு. பிறவியில காது கேளாத பிள்ளைக்கு எப்பிடி வரும்?"

ரோமர் 10இல் பவுல் பேசுவது நற்செய்தி ஆட்களிடம் போய்ச்சேர்வதைப் பற்றி. காதால் போனால் என்ன, கண்ணால் போனால் என்ன? மாற்கு 7இல் காது கேளாதவனை இயேசு கூட்டத்தில் இருந்து தனியே அழைத்துப்போகிறார். அவன் காதுக்குள் விரலை வைக்கிறார், நாக்கைத் தொடுகிறார், வானத்தைப் பார்க்கிறார். வாய் திறப்பதற்கு முன் செய்த எல்லாமே அவன் கண்ணுக்குத் தெரிகிற காரியங்கள். திக்குவாயன் என்று மோசே சாக்குச் சொன்னபோது கடவுள் அவனை மாற்றவில்லை, கூடப் பேச ஆரோனைக் கொடுத்தார்.

செய்யவேண்டியது: மறைக்கல்வி ஆசிரியர் ஒருவரோ ஞாயிறு பாடசாலை ஆசிரியர் ஒருவரோ சைகைமொழி படிப்பது. காது கேளாத பிள்ளைகள் படிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்த இளம் ஆட்கள் வன்னியிலும் இருக்கிறார்கள். அவர்களையே ஆசிரியராகக் கூப்பிடுங்கள். ஷெல் அதிர்ச்சியில் காது மந்தமானவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு வாசகங்களைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் கொடுத்தால் போதும். ஒலிபெருக்கியைக் கூட்டி வைப்பது பிரயோசனமில்லை, இரைச்சல்தான் கூடும்.

10. "மூளை வளர்ச்சி குறைஞ்ச பிள்ளை. புதுநன்மை குடுப்பினமோ? பூசை நேரம் கத்தவும் செய்வான்."

உடல் அல்லது உள வரம்புகள் உள்ளவர்களுக்கும் அவர்களின் நிலைக்கு ஏற்றபடி மறைக்கல்வி கிடைக்கப் பங்குத்தந்தை பார்த்துக்கொள்ளவேண்டும் என்று 1983 திருச்சட்டம் (இலக்கம் 777) சொல்கிறது. நற்கருணை சாதாரணச் சாப்பாடு அல்ல என்று பிள்ளைக்கு விளங்கினால் போதும். அதைச் சொல்லால் சொல்லத்தான் வேண்டும் என்றில்லை. கும்பிடும் கையைப் பார்த்தே தெரியும். செபங்களைப் பாடமாக்கவில்லை என்பதற்காக வருடக்கணக்காகத் தள்ளிப்போடுகிறார்கள் என்றால் பாதரோடு இருந்து கதையுங்கள். குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளில் ஞானஸ்நானத்துக்கு இந்தக் கேள்வியே எழாது. திடப்படுத்தலுக்கு (ஞானஸ்நானத்தை வளர்ந்தபின் உறுதிசெய்யும் சடங்கு) எங்கள் பக்கத்துச் சபைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நடக்கின்றன.

கத்துவது பற்றி: கத்தட்டும். ஒலிபெருக்கிச் சத்தம் தாங்காமல் கத்தும் பிள்ளைகளும் உண்டு, பெட்டிக்குக் கிட்ட இருத்தாமல் பாருங்கள்.

11. "திருவிழாவில அவைக்குப் பொதி குடுக்கிறம், சக்கர நாற்காலியும் குடுத்தனாங்கள். இதுக்கு மேல என்ன?"

லூக்கா 14ஐ இந்தப் பொதிகளுக்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். ஏழைகளையும் ஊனரையும் சப்பாணிகளையும் குருடரையும் விருந்துக்கு அழை என்றுதான் அங்கே இருக்கிறது. ஒரே பந்தியில், ஒரே கறியோடு. பொதியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுவது அதில் இல்லை. படத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினால்தான் அடுத்தமுறை காசு வரும் என்பது எனக்கும் தெரியும். அவர் சம்மதித்தால் எடுங்கள். நாற்காலி கொடுக்கும்போது அளவு பார்த்துக் கொடுங்கள். அகலம் கூடிய நாற்காலியில் ஒரு பக்கம் சரிந்திருந்தே முதுகு வளைந்தவர்கள் இருக்கிறார்கள். மாங்குளத்தில் உயிரிழை போன்ற, முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களே சேர்ந்து நடத்தும் அமைப்புகளிடம் முதலில் கேட்டால் எது தேவை, எது தேவையில்லை என்று சொல்லிவிடுவார்கள்.

அரசு கொடுப்பனவு வேறு விஷயம். அது பிரதேச செயலகத்தில் பதிந்து வாங்கும் உரிமை. அதற்குப் படிவம் நிரப்பப் போகும்போது கூடப் போவது பொதியைவிடப் பெரிய உதவி.

12. "அவை என்ன பொறுப்பு எடுப்பினம்? பாவம், கஷ்டம் குடுக்கக் கூடாது."

பலவீனமாகத் தோன்றும் அவயவங்களே மிகவும் வேண்டியவை என்று பவுல் எழுதினார் (1 கொரிந்தியர் 12:22). கண் தெரியாதவர் பிறெயிலில் வாசகம் வாசிக்கலாம். நாற்காலியில் இருப்பவர் கணக்கு எழுதலாம், சபைக் கமிற்றியில் இருக்கலாம், மறைக்கல்வி படிப்பிக்கலாம். வாசக மேடையின் உயரத்தைக் குறைக்கவேண்டி வரும். நாற்காலிகள் வாங்கிக் கொடுத்த எத்தனையோ சபைகளில், கட்டடக் கமிற்றியில் நாற்காலியில் இருப்பவர் ஒருவரும் இல்லை. கேள்வி 7இல் சொன்ன பிழைகளெல்லாம் அங்கேதான் பிறக்கின்றன.

13. "அவர் இயக்கத்தில இருந்து காயப்பட்டவர். அவருக்குக் கோயிலில பொறுப்புக் குடுத்தா பிரச்சினை வராதோ?"

இந்தக் கேள்வியைக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். இரண்டு பயம் கலந்திருக்கிறது. ஒன்று, விசாரிக்க ஆட்கள் வருவார்கள் என்ற பயம். அது வெறும் கற்பனை இல்லை. ஆகவே அவரையே கேளுங்கள்: பெயர் வெளியே வருவது அவருக்குச் சரியா, எந்த வேலை அவருக்குத் தோது என்று. சபை தன் பயத்துக்கு அவர் பெயரைச் சாட்டிக்கொள்ளக்கூடாது.

மற்றது, காயம் அவருக்குத் தண்டனை என்ற எண்ணம். அதற்குக் கேள்வி 1இன் பதில்தான். கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களும் விரும்பிப் போனவர்களும் அதே வாங்கில் இருக்கிறார்கள். அவர்களால் பிள்ளையை இழந்த தாயும் அங்கே இருக்கலாம். உடனே சமாதானமாகுங்கள் என்று அந்தத் தாயை வற்புறுத்தாதீர்கள். பாவசங்கீர்த்தனம் எல்லாருக்கும் ஒன்றுதான், கால் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும்.

14. "எங்கட கோயிலில சாதியும் இல்லை, மலைநாட்டு ஆக்களெண்ட பிரிவும் இல்லை. அதை ஏன் இதுக்குள்ள இழுக்கிறியள்?"

1958, 1977, 1983 வன்செயல்களில் அடிபட்டு மலைநாட்டில் இருந்து வந்தவர்கள் காடு வெட்டிக் குடியேறிய ஊர்கள் வன்னியில் நிறைய. கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். மூன்றாவது தலைமுறைக்கும் 'மலைநாட்டு ஆக்கள்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரிவு இல்லை என்று சொல்பவர் பெரும்பாலும் பிரிவால் பாதிக்கப்படாதவர். யார் திருவிழா உபயகாரர், யார் வளவு கூட்டுகிறார் என்று பாருங்கள். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் கந்தைக்காரனுக்குக் காலடியும் கொடுப்பதை யாக்கோபு 2 வெளிப்படையாகவே கண்டிக்கிறது.

ஏன் இதற்குள் இழுக்கிறேன் என்றால், இவை ஒரே ஆளில் சேர்ந்து வரும். காணி உறுதி இல்லாத குடும்பத்தில், புருசன் இல்லாத வீட்டில் கால் இழந்த பெண்ணுக்குச் சரிவுப்பாதை மட்டும் போதாது. அவரை யார் வாவென்று கூப்பிட்டது?

15. "முள்ளந்தண்டு அடிபட்ட தம்பிக்குக் கோயிலில கலியாணம் கட்டி வைப்பினமோ?"

வெட்கப்பட்டுக் கேட்பதால் பதிலும் மறைவாகவே போகிறது, சிலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கத்தோலிக்கத் திருச்சட்டம் 1084இன்படி, திருமணத்துக்கு முன்பே இருந்து, நிரந்தரமாகவும் இருக்கும் உடலுறவு இயலாமை மட்டுமே தடை. அது உண்மையிலேயே இருக்கிறதா என்பதில் சந்தேகம் இருந்தால் திருமணத்தை மறிக்கக்கூடாது. பிள்ளை பிறக்காது என்பது தடையே இல்லை. முள்ளந்தண்டுக் காயம் எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லாததால் பல பேருக்குச் சந்தேகம் உண்டு. அது அவருக்குச் சாதகம். டொக்டரிடம் கேட்டுக்கொண்டு பாதரிடம் நேரே போங்கள், ஊர்ச்சனத்திடம் கேட்காதீர்கள். கலியாணத்துக்குப் பிறகு காயப்பட்டவரின் திருமணத்துக்கு இதால் ஒன்றும் ஆகாது. மற்றச் சபைகளில் இப்படி எழுதிவைத்த தடையை நான் காணவில்லை. தடை போடுவது பெரும்பாலும் பெண் வீட்டார்தான்.

16. "மோட்சத்தில மகனுக்குக் கை திரும்ப வருமோ?"

உயிர்த்த இயேசுவின் கையில் ஆணிக் காயம் இருந்தது. தோமாவுக்கு அதையே காட்டினார். வேதசாட்சிகளின் தழும்புகள் மறுவுலகில் அவர்களுக்கு அழகாக இருக்கலாம் என்று 5ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீனார் எழுதினார். வெட்டுண்ட அவயவங்கள் திரும்பக் கிடைக்கும் என்றும் அவர் நம்பினார். மகன் கை வேண்டும் என்கிறானா, இப்படியே இருந்தால் என்ன என்கிறானா? எங்களுக்குத் தெரிந்த சிலர் இரண்டாவதைச் சொல்லித் தாயைத் திடுக்கிட வைத்திருக்கிறார்கள்.

17. "எல்லாம் செய்தாலும் அவர் கோயிலுக்கு வரமாட்டனெண்டா?"

வராமல் இருக்கட்டும். கேள்வி 4இல் உள்ளதைப் போல் ஒரு சொல்லைக் கேட்டுக் காயப்பட்டவர் திரும்பி வர நாள் எடுக்கும், வராமலும் விடலாம். அவரை வரவைக்கும் திட்டத்தோடு வீட்டுக்குப் போகாதீர்கள், மணத்துப் பிடித்துவிடுவார். கிரிக்கெட் கதைக்கப் போங்கள், கோழிக்கூடு அடிக்க உதவப் போங்கள். நற்கருணையோ திருவிருந்தோ வேண்டும் என்று அவர் சொன்னால் வீட்டுக்குக் கொண்டுவர ஒழுங்கு செய்யலாம். எந்த நாள், எத்தனை மணி என்பதை அவரிடம் கேட்டு வையுங்கள். காலையில் சலப்பை மாற்றி, கழுவி, உடுத்து முடிய அவருக்கு நேரம் வேண்டும்.